விசேஷத்துக்கு முன் ஒரு மாத்திரைச் சீட்டு

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டி ஒரு வருஷம் தாண்டிய பெண்ணை எந்த ஆச்சியும் சும்மா விடுவதில்லை. "என்ன ஆத்தா, விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்ட பெண்ணிடம் மட்டும் அந்தக் கேள்வி வராது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, குரலை இறக்கி, "அதுக்கு அதெல்லாம் கூடாதாம்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இந்தக் 'கூடாதாம்' எங்கிருந்து வந்தது என்று தேடினால் பெரும்பாலும் எந்த டாக்டரின் சீட்டிலும் இருக்காது.

கூடும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரே என்ற டாக்டர் செய்த ஆரம்பகால அறுவை சிகிச்சைகளில் ஒன்றில், 1956ல், ஈடித் ஹெல்ம் என்ற பெண் தன் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்றார். 1958 மார்ச்சில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் அவருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்குச் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெண்ணின் கையில் மூன்று வகை மாத்திரைகளாவது இருக்கும். வில்லங்கம் வயிற்றில் வைத்த சிறுநீரகத்தில் இருப்பதைவிட அந்த மாத்திரைகளில்தான் அதிகம். எதை எப்போது நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்பது கரு உண்டாவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே முடிவாக வேண்டிய கணக்கு. நாள் தள்ளிப்போன பிறகு போய்க் கேட்டால் பாதிக் கணக்கு கைமீறியிருக்கும்.

எண்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிறுநீரகம் மாற்றிய பெண்களின் 4,706 கர்ப்பங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2011ல் வந்தது. நூற்றுக்கு 73 அல்லது 74 கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையில் முடிந்தன. ஏறக்குறைய 27 பேருக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயான பிரீ எக்ளாம்சியா வந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன. சராசரியாக 35.6 வாரத்தில் பிரசவம், பிறந்த எடை 2,420 கிராம். 57 பேருக்கு சிசேரியன். இதைப் படித்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். பச்சிளம் குழந்தைக்கு வென்டிலேட்டரும் இன்குபேட்டரும் உள்ள இடத்தில்தான் பிரசவம் என்பதை இந்த எண்களே முடிவு செய்துவிடுகின்றன. எட்டாம் மாதத்தில் தேவகோட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

எப்போது முயற்சி செய்யலாம்? முன்பு இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது பல மையங்களில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் என்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். வருஷம் ஓடினால் மட்டும் போதாது. கடைசி ஒரு வருஷத்தில் ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்த்துத் தாக்குவது, வந்திருக்கக் கூடாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5க்குக் கீழே, மாதத்துக்கு மாதம் ஏறாமல் நிற்க வேண்டும். சிறுநீரில் புரதம் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ். பிரஷர் கட்டுக்குள். காய்ச்சலோ கிருமித் தொற்றோ கிடையாது. மாத்திரை அளவு சில மாதங்களாக மாறவில்லை. கிரியாட்டினின் 1.8, 2 என்று இருப்பவர்களும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அங்கே சிறுநீரகத்தையே பணயம் வைக்க வேண்டிவரும். பிரசவத்துக்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் வாய்ப்பு கிரியாட்டினின் ஏற ஏறக் கூடும். அந்த முடிவைத் தம்பதிகள் சிறுநீரக டாக்டர் முன்னால் உட்கார்ந்து எடுக்க வேண்டும். மாமியார் வீட்டு முகப்பில் அல்ல.

அந்தக் காத்திருப்புக் காலத்துக்குக் கருத்தடை வேண்டும். டயாலிசிஸில் இருந்தபோது மாதக்கணக்கில் வராத மாதவிலக்கு, புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் ஒன்றிரண்டு மாதத்திலேயே திரும்பலாம். முதல் விலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளிவரலாம் என்பதால், "இன்னும் தூரமே ஆகலையே" என்ற நம்பிக்கையில் இருந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் காப்பர்-டி பலருக்கும் ஒத்துவரும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அது வேலை செய்யாது என்ற பழைய எண்ணத்தை இப்போது விட்டுவிட்டார்கள். அந்தரா ஊசி எலும்பைத் தேய்க்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் ஸ்டீராய்டு ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும் பிறகு வாரம் ஒன்றுமாகச் சாப்பிடும் சாயா மாத்திரையைச் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தர வேண்டாம் என்பது அதன் விதிகளிலேயே இருக்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு மாலா வகை மாத்திரையும் ஆகாது. கிராம சுகாதார செவிலியர் நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்தாலும், "எனக்குக் கிட்னி மாத்தியிருக்கு" என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

இனி அந்தச் சீட்டு. அதில் முதலில் தேட வேண்டிய பெயர் மைகோபினோலேட். செல்செப்ட், மைஃபோர்டிக் என்ற பெயர்களிலும், இன்னும் பல இந்தியக் கம்பெனிகளின் பெயர்களிலும் வரும். சிறுநீரகத்தைக் காப்பதில் கெட்டிக்கார மருந்து. கருவுக்கு எமன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே உண்டாகும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி முதல் மூன்று மாதத்தில் கலைந்துவிடுகின்றன. தங்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. காது மடல் இல்லாமல் அல்லது சிறுத்து, உதடும் அண்ணமும் பிளந்து, இதயத்திலோ உணவுக்குழாயிலோ கோளாறோடு பிறக்கும். அதனால் கரு உண்டாக முயல்வதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இந்த ஆறு வாரம் என்பது மருந்து உடம்பைவிட்டுப் போக மட்டும். அதற்குப் பதில் தொடங்கும் அசதயோப்ரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க இன்னும் மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். மாற்றிய கையோடு முயற்சியைத் தொடங்கி, கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் ரிஜெக்ஷன் வந்து நிற்பது தவிர்க்கக்கூடிய கஷ்டம்.

அசதயோப்ரினுக்கும் ஒரு குணம் உண்டு. அதை உடம்பு உடைத்து வெளியேற்றும் விதம் சிலருக்கு மரபிலேயே பலவீனம். நம் நாட்டவர்களிடம் NUDT15 என்ற மரபணுவின் மாறுபாடு கணிசமாக உண்டு. அவர்களுக்கு வழக்கமான அளவு கொடுத்தால் வெள்ளணுக்கள் சரசரவென இறங்கிவிடும், முடி கொத்தாகக் கொட்டும். முடிந்தால் அந்தப் பரிசோதனையை முன்பே செய்துகொள்ளலாம். முடியாவிட்டால் முதல் மாதம் வாரம் ஒரு முறை ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். யூரிக் ஆசிட் கூடுதல் என்று யாராவது அலோப்யூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதியிருந்தால், அதையும் அசதயோப்ரினையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. எலும்பு மஜ்ஜை ஸ்தம்பித்துப்போகும். மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்தவருக்கு இந்தப் பக்கத்துச் சீட்டு தெரியாமல் போவதுதான் இதில் நடக்கும் தவறு.

மற்றவை சுருக்கமாக. சிரோலிமஸ் இருந்தால் 12 வாரம் முன்பு நிறுத்த வேண்டும். எவரோலிமஸுக்கும் வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும். வைரஸ் கிருமிக்கு எழுதும் வால்கன்சைக்ளோவிர் கூடாது. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகைப் பிரஷர் மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தையே கெடுத்து, பனிக்குட நீரை வற்றவைக்கும். அவற்றுக்குப் பதில் லேபெட்டலால், நிஃபெடிபின், மெதில்டோபா. கோட்ரைமாக்சசோல் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்து என்பதால் முதல் மூன்று மாதம் அதைத் தவிர்ப்பார்கள். ஃபோலிக் ஆசிட்டை முயற்சி தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். இங்கே 5 மில்லிகிராம் மாத்திரைதான் வழக்கம்.

நிறுத்தவே கூடாதவை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டான பிரட்னிசோலோன், மாற்றி எழுதிய அசதயோப்ரின். "வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, ரெண்டு மாசம் மாத்திரையை நிறுத்தி வை" என்று அப்பத்தா சொன்னாலும், தெரியாத டாக்டர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. பிரட்னிசோலோனை நஞ்சுக்கொடி பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும். குழந்தைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். மாத்திரையை நிறுத்தினால் போவது முதலில் சிறுநீரகம், அதோடு பிள்ளையும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டாக்ரோலிமஸ் விலை அதிகம் என்பதால், அதன் அளவைக் குறைத்துக் கொடுக்க நம் ஊர் மையங்கள் சிலவற்றில் டில்டியாசெம் சேர்த்து எழுதுவார்கள். அது டாக்ரோவை உடம்பு உடைப்பதைத் தாமதப்படுத்தும். கொஞ்ச மருந்திலேயே ரத்தத்தில் போதுமான அளவு நிற்கும். பிரசவ டாக்டர் சீட்டைப் பார்க்கிறார், டில்டியாசெம் ஏதோ பிரஷர் மாத்திரை என்று நினைத்து, லேபெட்டலாலாக மாற்றுகிறார். பிரஷர் சரியாகவே இருக்கும். பத்து நாளில் டாக்ரோ லெவல் பாதியாக விழுந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் 'எதற்காக' என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டு, பையில் எப்போதும் இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கரு உண்டாகும் முன் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சிறுநீரகம் எதனால் போனது? சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோய் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று முறைப் பெண்ணைக் கட்டிய குடும்பங்களில், பெற்றோர் இருவரும் நோயில்லாமலே சுமந்து பிள்ளைக்கு இறக்கும் வகை நோய்கள் தலைகாட்டலாம். செட்டிநாட்டு வழக்கப்படி குலப் பிரிவான கோவில் வேறு, வளவு வேறு என்று பார்த்துக் கட்டினாலும் தாய்வழியில் ரத்தம் ஒன்றாகத்தான் இருக்கும். காரணம் தெரியாமல் இளவயதில் சிறுநீரகம் போனவர்கள் மரபணுப் பரிசோதனையைத் தம்பதிகளாகச் செய்துகொள்வது நல்லது. எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் காரணம் என்றால் அது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். அதோடு ரோ என்ற எதிரணுக்கள் (ஆன்டிபாடி) உள்ளனவா என்று பார்ப்பார்கள். குழந்தையின் இதயத் துடிப்பை அது பாதிக்கலாம்.

சிறுநீரகம் கொடுத்தவர் கணவரே என்றால் ஒரு நுணுக்கம் உண்டு. வயிற்றில் வளரும் பிள்ளையிடம் பாதி அடையாளம் அப்பாவுடையது. அந்த அடையாளங்களுக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிரணுக்களை உண்டாக்கினால், அவை அதே அடையாளம் உள்ள சிறுநீரகத்தையும் பார்க்கும். கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் கொடையாளருக்கு எதிரான எதிரணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவசியமில்லாமல் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கர்ப்பம் உறுதியான பிறகு மாதாமாதம் நடக்க வேண்டியதில் டாக்ரோ லெவல்தான் பெரிய வேலை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஈரல் மருந்தை வேகமாக உடைக்கிறது, லெவல் இறங்கும். கால்பங்கு வரை டோஸைக் கூட்டவேண்டி வருவது சகஜம். 32 வாரம் வரை நாலு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 36க்குப் பிறகு வாரம் ஒரு முறை என்று பார்ப்பது நல்ல வழக்கம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இங்கேதான் தவறு நடக்கும். ரத்தம் எடுப்பது முந்தைய டோஸுக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை விழுங்கும் முன். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவர் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதிகாலை பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் லெவல் உச்சத்தில் இருக்கும். டாக்டர் அதை நம்பி டோஸைக் குறைத்துவிடுவார். மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ஊசி குத்திய பிறகு இட்லியோடு விழுங்க வேண்டும். ரத்தம் எடுப்பது ஊதா மூடி டியூபில். உள்ளூர் லேபில் எடுத்து அனுப்பினால், கடைசி டோஸ் நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் டியூப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பல மையங்கள் ஒரு வருஷத்துக்குப் பிறகு 5 முதல் 8 நானோகிராம் வரை எதிர்பார்க்கின்றன. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணே கணக்கு. மருந்துக் கடையில் "அந்தக் கம்பெனி இல்லை, இது அதேதான்" என்று வேறு கம்பெனி டாக்ரோலிமஸ் கொடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது.

முதல் மூன்று மாத வாந்தியில் மாத்திரையும் வெளியே வந்துவிடும். எத்தனை நிமிஷத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போடுவது என்பதை உங்கள் மையத்திலேயே கேட்டு, அதே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வேறு மாதிரி. அதில் டாக்ரோ லெவல் ஏறும். நாலு முறை போனதுமே டோஸ் பற்றிப் போன் செய்ய வேண்டும்.

கிரியாட்டினின் எண்ணைப் படிப்பதில் உள்ளூர் லேப் ரிப்போர்ட் ஏமாற்றும். கர்ப்பத்தில் அது இறங்க வேண்டும். முன்பு 1.1 இருந்தவருக்கு ஐந்தாம் மாதத்தில் 0.9 என்று வந்தால் சரி. அதே 1.1 ஏழாம் மாதத்தில் 1.3 ஆனால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அடிக்காவிட்டாலும் அது எச்சரிக்கை மணி. பிரீ எக்ளாம்சியாவா, ரிஜெக்ஷனா, சிறுநீர்த் தொற்றா, டாக்ரோ கூடிவிட்டதா என்று நாலு சந்தேகம் ஒரே நேரத்தில் எழும். அதனால்தான் தனியாக இருக்கும் நர்சிங் ஹோம் வேண்டாம் என்பது. சிறுநீர்த் தொற்று மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு அடிக்கடி வரும், எரிச்சலே இல்லாமலும் வரும். மாதம் ஒரு யூரின் கல்சர். கிருமி இருந்தால் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து. ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் சிறுநீரகத்தைத் தாக்கும். 12 வாரத்திலிருந்து குறைந்த டோஸ் ஆஸ்பிரின் பிரீ எக்ளாம்சியா வாய்ப்பைக் குறைக்க எழுதுவார்கள். பிரஷர் கருவி வீட்டில் இருக்க வேண்டும், காலை மாலை குறித்துவைக்க வேண்டும்.

டாக்ரோவும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் சுகர் ஏறும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்யும் பரிசோதனைதான். முதல் மூன்று மாதத்திலேயே செய்து, சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி. செட்டிநாட்டுச் சமையல் எதிரி இல்லை. கவுனி அரிசியும் கந்தரப்பமும் சுகர் ஏறியவருக்கு விசேஷ நாளில் ஒரு வாய், அவ்வளவுதான். உப்புக்கண்டம், வத்தல், அப்பளம், ஊறுகாய் இந்த நாலில் ஒன்றுகூட அன்றாடத் தட்டில் வேண்டாம். பிரஷரின் கணக்கு அங்கேதான் ஏறுகிறது. பம்பளிமாசும் அதன் உறவுப் பழமான கிரேப்ஃப்ரூட்டும் கூடவே கூடாது. டாக்ரோ லெவலை ஏற்றிவிடும். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு சாப்பிடலாம்.

செட்டிநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. விசேஷத்துக்குப் பங்காளிகள் கூடி முகப்புக் கதவைத் திறப்பார்கள். பட்டாலை உத்தரத்தில் புறா எச்சம், இரண்டாம் கட்டு இருட்டில் வௌவால், மரப்பெட்டிகளில் பூஞ்சை. இரண்டு நாள் கூட்டிப் பெருக்குவார்கள். புறா எச்சத் தூசியில் உள்ள கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு மூளைவரை போகும். அந்த இரண்டு நாளும் மாற்று உறுப்பு உள்ள பெண் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். எல்லாம் நனைத்துக் கழுவி, தூசி அடங்கிய மூன்றாம் நாள் வந்தால் போதும். தோட்டத்து மண்ணைக் கையால் கிளறுவதும் பூனைக் கழிவை அள்ளுவதும் வேறு யாருடைய வேலையாகவாவது இருக்கட்டும். ஊருணித் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, கொதிக்க வைத்துத்தான்.

வளைகாப்பு நாளில் நூறு பேர் கையால் வளையல் போடுவார்கள். வந்த குழந்தைகளில் ஒன்றுக்கு அம்மை போட்டிருந்தது என்று நாலு நாள் கழித்துத் தெரியவரும். சொல்லத் தயங்கியும் இருப்பார்கள். சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத தாய், விஷயம் தெரிந்த அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எதிரணுக்களை நேரடியாகத் தரும் ஊசி (தடுப்பூசி அல்ல) பத்து நாளுக்குள்தான் பயன்படும், சீக்கிரம் போட்டால்தான் நல்லது. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளான ரூபெல்லா, சின்னம்மை இரண்டையும் உறுப்பு மாற்றிய பிறகு போட முடியாது. டயாலிசிஸில் காத்திருக்கும் இளம்பெண்கள் அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதமாவது முன்பே போட்டு முடித்துவிடலாமா என்று இன்றே கேளுங்கள். டெட்டனஸ், ஃப்ளூ, ஹெபடைடிஸ் பி ஊசிகளுக்குத் தடையில்லை.

12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தால், தகுதி உள்ள குடும்பங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ரூ.18,000 உண்டு. அவர் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். பதிவு உள்ளூரில் இருக்கலாம், பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். இரண்டுக்கும் மோதல் இல்லை.

பிரசவ நாள். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம் இடுப்பெலும்புக் குழியில் இருக்கும். குழந்தை இறங்கும் வழியை அது மறிக்காது. சுகப்பிரசவம் ஆகலாம். "கிட்னி மாத்தினவங்களுக்கு ஆபரேஷன்தான்" என்பது தேவையில்லாத விதி. சிசேரியன் வேண்டியிருந்தால் சிறுநீரகமும் அதன் சிறுநீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவைக்க வேண்டும். அவசரத்தில் கத்தி படக்கூடிய குழாய் அது. மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் சாப்பிட்டவருடைய உடம்பு நெருக்கடி நேரத்துக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்காது. பிரசவ வலியின்போது ஹைட்ரோகார்டிசோன் ஊசி வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் திடீரென விழும்.

பிரசவம் முடிந்ததும் நர்ஸ் கையில் இருக்கும் ஊசி என்ன என்று கூட இருப்பவர் கேட்க வேண்டும். நம் ஊரில் பிரசவ வலிக்கும் தையல் வலிக்கும் கை தன்னால் போவது டைக்லோஃபெனாக்குக்கு. ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரைகளும் அதே ஜாதி. டாக்ரோவோடு சேர்ந்தால் நல்ல சிறுநீரகத்தையும் இரண்டு நாளில் படுக்கவைக்கும். பாரசிட்டமால் போதும். போதாவிட்டால் டிரமடால் போன்றதைக் குறைந்த அளவில் டாக்டர் பார்த்துத் தருவார். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொன்னால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஆத்தா வீட்டு அடுப்படி. பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, கண்டதிப்பிலி ரசம் எல்லாம் சாப்பாடாக அளவோடு இருக்கும்வரை கவலையில்லை. லேகியம் வேறு. திப்பிலியும் மிளகும் கிலோக்கணக்கில் இடித்துச் சுண்டக் காய்ச்சியது. மிளகின் பைப்பரின் சத்து டாக்ரோவை உடைக்கும் அதே நொதியைத் தடுக்கக்கூடியது. உரப்புக்கு அளவே கிடையாது, டாக்ரோவுக்கு அளவு உண்டு. மேலும் பிரசவம் ஆன சில நாளிலேயே கர்ப்பத்தில் கூட்டிய டோஸ் அதிகமாகிவிடும். உடம்பு பழைய வேகத்துக்குத் திரும்பும்போது லெவல் தானே ஏறும். முதல் வாரத்திலேயே பார்த்துக் குறைக்க வேண்டிய நேரத்தில்தான் லேகியமும் வந்து சேர்கிறது. இரண்டும் கூடினால் கை நடுக்கம், கிரியாட்டினின் ஏற்றம். செந்தூரம், பற்பம் வகைகளைத் தொடவே வேண்டாம். ஏழாம் மாதம் மருந்து கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளிலும் இதையே சொல்வேன். சடங்கு நடக்கட்டும், குவளையில் பால் இருக்கட்டும்.

தாய்ப்பால் கொடுக்கலாம். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், அசதயோப்ரின், பிரட்னிசோலோன் நாலும் பாலில் மிகச் சொற்பமாகவே வரும். மைகோபினோலேட், சிரோலிமஸ், எவரோலிமஸ் கூடாது. பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு நாளில் பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த அணுக்கள் பார்ப்பார்கள். டாக்ரோவால் பொட்டாசியம் சற்று ஏறியிருக்கலாம், சில நாளில் தானே இறங்கும். சேனை வைப்பதையும் உரமருந்தையும் அடுத்த தலைமுறை மறந்தால் நஷ்டமில்லை.

இனி எல்லோரும் தவறவிடும் ஒன்று. பிறந்த பிள்ளைக்கு வார்டிலேயே போலியோ சொட்டு மருந்து போடுவார்கள். அதில் உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமி. குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளிவரும், துணி மாற்றும் கையில் ஒட்டும். எதிர்ப்பு சக்தி அடங்கிய தாய் இருக்கும் வீட்டில் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே குழந்தை டாக்டரிடம் பேசிவைக்க வேண்டும். பல்ஸ் போலியோ ஞாயிற்றுக்கிழமையில் வாசலுக்கே வருபவரிடமும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டால் பதற வேண்டாம். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் கை கவனம் இதேதான். ஆனால் அதைப் பிள்ளைக்குப் போடலாம், அடுத்த ஒரு மாதம் மலத்துணி மாற்றுவது அப்பா அல்லது ஆயா. தாய்க்கு வேறு வழியில்லாத நேரத்தில் கையுறை, பிறகு சோப்பு போட்டுக் கைகழுவல்.

ஆண்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தோடு விந்தணு எண்ணிக்கை தேறும். சிரோலிமஸ் அதைக் குறைக்கும், மாற்றினால் திரும்பும். மைகோபினோலேட் சாப்பிடும் தகப்பனால் பிள்ளைக்குக் கேடு என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு முயல்வது நல்லது. சகோதரனுக்குக் கொடுத்த தங்கைக்கும் ஒரு வார்த்தை. 2015ல் கனடாவில் வந்த ஆய்வில், கொடை கொடுத்த பிறகு உண்டான கர்ப்பங்களில் நூற்றுக்கு 11ல் கர்ப்பகாலப் பிரஷரோ பிரீ எக்ளாம்சியாவோ வந்தது. கொடுக்காதவர்களிடம் 5. கல்யாணத்துக்கு முன் கொடை கொடுக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஈரல் மாற்றியவர்களுக்கு ஏறத்தாழ இதே வழிதான். இதயம், நுரையீரல் மாற்றியவர்களின் கணக்கு கடினம், தனியே பேச வேண்டியது.

பெற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. மாற்றுச் சிறுநீரகம் ஆயுசுக்கும் ஓடாது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு போகையில் அம்மா மறுபடி டயாலிசிஸில் உட்காரலாம். அன்று பிள்ளையை யார் பார்ப்பது என்று இருவரும் பேசியிருக்க வேண்டும். பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பெரிய வீடுகளே அப்படித் தழைத்திருக்கின்றன. 1956ன் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பொதுவாக 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத்தான் தத்தெடுக்கலாம் என்றாலும், வேறு வழக்கம் உள்ள சமூகங்களுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. முன்பு வாரிசுக்காகக் கூட்டினார்கள். ஒரு பெண்ணின் உடம்பைக் காப்பாற்றவும் அதே வாசலில் கூட்டலாம்.

குழந்தை பிறந்த பிறகு சிறுநீரகம் கைவிட்டுப் போவதற்குச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. இரவு 9 மணி மாத்திரை நேரத்தில் பிள்ளை அழும். பால் கொடுத்து, தட்டித் தூங்கவைத்து, தானும் தூங்கிவிடுவாள். மறுநாள் காலையில் டப்பாவில் இரவு மாத்திரை அப்படியே இருக்கும். வீட்டுக்காரர் போனிலும் அதே நேரத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். பால் மறந்த பிறகு மைகோபினோலேட்டுக்குத் திரும்புவதாக டாக்டர் சொன்னால், முதலில் காப்பர்-டி, பிறகு கர்ப்பப் பரிசோதனை, எட்டுப் பத்து நாள் விட்டு இன்னொரு கர்ப்பப் பரிசோதனை, இரண்டும் இல்லை என்று வந்த பிறகு முதல் மாத்திரை.